‘ம’வில் தொடங்கும் சென்னை

ஞாயிறு, காலை 5.30. எழும்பூரில் இறங்கினேன். திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். டிக்கெட்டை மகள் போனிலேயே எடுத்து அனுப்பியிருந்தாள். கவுண்டரில் நின்று கேட்க வேண்டியிருந்தால் வேறு பெயருள்ள வண்டியில்தான் வந்திருப்பேன். எனக்குத் திக்குவாய். எல்லா எழுத்தும் கொஞ்சம் தடுக்கும், ‘ம’ வந்தால் உதடு ஒட்டிக்கொண்டு திறக்கவே திறக்காது. மணப்பாறைக்குப் போக வேண்டியவன் திண்டுக்கல்லுக்கு டிக்கெட் கேட்டு வாங்கி, நடுவழியில் இறங்கியிருக்கிறேன். கண்டக்டர்கள் என்னைப் பெரிய வள்ளல் என்று நினைத்திருப்பார்கள்.

வந்த வேலை இரண்டு. மாலை நான்கு மணிக்கு அடையாறில் மகளின் வருங்கால மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போக வேண்டும். பையனும் பெண்ணும் தரமணியில் ஒரே ஆபீஸ், அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நான் போய் முறைப்படி சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால், காலையில், லஸ் பக்கத்துப் பூங்காவில் திக்குவாய்க்காரர்கள் ஞாயிறுதோறும் கூடுகிறார்களாம், ஒரு தடவை போய்விட்டு வாப்பா என்று மகள் கெஞ்சியிருந்தாள்.

எனக்காகப் பேசுவதற்கென்றே என் மனைவி இருந்தாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. சம்பந்தி வீட்டில் இனி நான்தான் வாய் திறக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல். மகள் பெயர் மாலினி. ஆசையாக வைத்தவள் என் மனைவி. தொட்டிலருகே குனிந்து எல்லோரும் மூன்று முறை சொன்னபோது நான் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். இத்தனை வருடமும் பாப்பா, பாப்பாதான். செல்லம் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் பேசப் போகிற இடத்திலாவது பெற்ற பெண்ணைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

6.30. பேருந்து. கண்டக்டர் எங்கே என்றார். மயிலாப்பூர் என்று சொல்லத்தான் நினைத்தேன், லஸ் என்றேன். ஏழு ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் ஊர் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. ராயப்பேட்டையில் ஒரு பால்காரர் தவிர எவரும் அவசரப்படவில்லை.

7.15. பூங்காவில் ஒரு மூலையில் கைகொட்டிச் சிரிக்கும் கூட்டம், இன்னொரு மூலையில் யோகா, நடுவே நடைப்பயிற்சிக்காரர்கள் வட்டமடிக்கிறார்கள். நாலாவதாக மரத்தடியில் பத்துப் பேர் பிளாஸ்டிக் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு மெதுவாகப் பேசும் கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது, அதனால் வழி கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. ஒருங்கிணைப்பவர் வைதேகி, முப்பது வயதுப் பாட்டு டீச்சர். பாடும்போது அவருக்குத் திக்காதாம், பேசும்போது நன்றாகவே திக்குகிறது.

“இங்க யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கறதில்லை மாமா. சேர்ந்து உக்காந்து தி... திக்கிண்டிருக்கோம், அவ்வளவுதான்” என்றார்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒருவர் வார்த்தையை இன்னொருவர் முடித்துவைக்கக் கூடாது. சொல்கிறவர் உள்ளங்கையைக் காட்டினால், ‘வந்துகொண்டிருக்கிறது, பொறு’ என்று அர்த்தம். மீறுகிறவர் எல்லோருக்கும் காபி வாங்க வேண்டும். பழக்க தோஷத்தில் முதல் பத்து நிமிஷத்திலேயே நான் ஒரு இளைஞரின் வார்த்தையை முடித்துவைத்தேன். இருநூற்று இருபது ரூபாய் போயிற்று. என்னை வாழ்நாள் முழுக்கப் பிறர் படுத்தியதை நானே செய்தேன் என்பது காபியைவிடக் கசப்பாக இருந்தது.

பிறகு, அவரவர் ஒளித்துவைக்கும் வார்த்தை எது என்று கேட்டார்கள். என் முறை வந்தபோது, என் பெண்ணின் பெயர் என்றேன். அதைச் சொல்லிக் காட்டுங்கள் என்று நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை.

9.45. கூட்டம் முடிந்ததும் இரண்டிரண்டு பேராகத் தி.நகர் போய், முன்பின் தெரியாதவர்களிடம் வழி கேட்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். எனக்கு ஜோடி நசீமா, சைதாப்பேட்டையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருப்பவர். பேருந்தில் அவருக்குக் கட்டணமில்லை, எனக்கு ஏழு ரூபாய். வீட்டில் உருதுவில் கணவரைத் திட்டும்போது தனக்கு ஒரு சொல்லும் நிற்காது, தமிழில் வாடிக்கையாளரிடம்தான் நிற்கும் என்றார். நிதானமாக யோசித்துப் பேசுகிற அம்மா என்று கடையில் நல்ல பெயராம்.

ரங்கநாதன் தெருவின் முனையில், மாம்பலம் ஸ்டேஷன் வாசலுக்கு நேர் எதிரே என்னை நிறுத்தி, “இங்கியே நின்னுகினு மா... மாம்பலம் ஸ்டேஷன் எங்க கீதுன்னு கேளுங்கண்ணே” என்றார். ஸ்டேஷனுக்கு எதிரே நின்று ஸ்டேஷனைக் கேட்பதா என்று கோபம் வந்தது. பதில் தெரிந்த கேள்வியில்தான் பயமெல்லாம் வார்த்தையைப் பற்றியதாக மட்டும் இருக்கும் என்பது நசீமாவின் கட்சி. முதல் ஆள் நான் ‘ம’வைத் திறப்பதற்குள் கூட்டத்தோடு போய்விட்டார். இரண்டாமவர் சில்லறை கொடுக்க வந்தார். மூன்றாவதாகப் பை விற்பவரிடம் நின்றேன். கையைக் காட்டினேன். உதடு ஒட்டியது, நெற்றி வியர்த்தது, ஒருவழியாக மாம்பலம் வெளியே வந்து விழுந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தலைக்கு மேலே கையை நீட்டினார்.

“இன்னா நைனா, போர்டு அங்க கீது பாரு.”

நசீமா சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். வெளியூரில், நடுத்தெருவில், திக்கியதற்காக நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு கேட்டவர்களிடம் திக்கல் குறையவில்லை. வியர்வை குறைந்தது.

மாலை 4.00. அடையாறு, டெப்போவுக்குப் பின்னால் இரண்டாவது மாடி. சம்பந்தி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தங்கமான மனிதர். அதுதான் தொல்லை. நான் ‘ரயில்’ என்று தொடங்கினால், ரயிலில் கூட்டமா, தூங்கினீர்களா, தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று கேள்வியும் பதிலும் அவரே சொல்லிவிடுவார். அரை மணி நேரம் எனக்கு வேலையே இல்லை. கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டேன். மகள் எதிரே, மாப்பிள்ளைப் பையன் கார்த்திக் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனியும் தள்ளினால் அவரே என் சம்மதத்தையும் சொல்லி முடித்துவிடுவார் என்று தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். “எங்க மா...” என்று தொடங்கினேன். நின்றது.

“மாத்திரை போடணுமா? தண்ணி கொண்டாம்மா” என்று சம்பந்தி எழ ஆரம்பித்தார்.

உள்ளங்கையைக் காட்டினேன். அவர் பாதி எழுந்தபடி நின்றார். பை வியாபாரி காத்திருந்தது போல இவர்களும் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

“எங்க மா... மா... மாலினிக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. எனக்கும் பிடிச்சிருக்கு.”

சம்பந்தி மெதுவாக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் என் வாக்கியம் எதையும் முடிக்கவில்லை. நல்ல மனிதர் என்றேன் அல்லவா. மகள் மட்டும் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்துவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போதுதான் கேட்டாள். “அப்பா, நீ என் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லல்ல?”

இல்லை என்றேன்.

“பாப்பான்னு செல்லமா கூப்பிடறேன்னு நெனச்சேன்.”

“அதுவும்தான்” என்றேன்.

இரவு மந்தைவெளியில் லாட்ஜ், தொள்ளாயிரம் ரூபாய். ஊரின் பாதி இடங்கள் என் எழுத்திலேயே தொடங்குகின்றன. திருச்சியில் எந்த இடத்துக்கும் எனக்கு ஒரு மாற்றுப் பெயர் தெரியும், சத்தமில்லாமல் வாழ்ந்துவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. அது எனக்கு நல்லதுதான் செய்தது.

திங்கள், பிற்பகல் 1.30, எழும்பூர். மகள் அரைநாள் லீவு போட்டு வழியனுப்ப வந்தாள். தண்ணீர் பாட்டில், தயிர் சாதம், போய்ச் சேர்ந்ததும் போன் செய் என்ற உத்தரவு எல்லாம் கொடுத்துவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிறது என்று பிளாட்பாரத்தில் வேகமாக நடந்தாள். ரயில் கதவருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பிடித்தது, ஆனால் நன்றாக, உரக்கவே வந்தது. டீ விற்பவரும் ஒரு போர்ட்டரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. அந்தப் பெயரில் என் குரல் வரும் என்று அவளுக்கு இன்னும் பழக்கமில்லை.

பாப்பா என்றால் உடனே திரும்பியிருப்பாள். நான் மறுபடியும் ‘ம’வுக்கு உதட்டைச் சேர்த்தேன்.