கேட்டு வாங்கிய வியாழக்கிழமை

அப்பாவின் மறதி நோய்க்கு மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்கே வரிசையில்தான் அந்த டிரைவரைப் பார்த்தேன். போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஜீப்பில் ஏற்றிப்போகிறவர். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, தூக்கம் கெட்ட கண்கள். பக்கத்தில் அவர் மனைவி; அந்தம்மாவுக்கும் அதே நோய்.

"பஸ்சு வந்துருச்சா?" என்று அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வர்ற நேரந்தான், ஒக்காரு." ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்டதுபோலவே அவர் பதில் சொன்னார்.

நானோ அன்று அப்பாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

"ஒங்களுக்குக் கோவமே வராதாண்ணே?" என்றேன்.

"வராம இருக்குமாத்தா? போன வருசம் கைய ஓங்கிட்டேன். அன்னைக்கே கொழுந்தியாளுக்குப் போன் போட்டேன். இப்ப வியாழக்கெழமயானா தேவாரத்துல இருந்து வந்து அவ பாத்துக்கிருவா. நான் குரங்கணிப் பக்கம் போயி சும்மா ஒக்காந்துட்டு வருவேன்."

"கேட்டதும் வந்துட்டாங்களா?"

"ஒடனே வந்துட்டா. எனக்குத்தான் கேக்க ரெண்டு வருசம் ஆச்சு."

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். அப்பா கதவையொட்டியே நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டே சின்னமனூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கெழம நீ வந்து அப்பாவப் பாத்துக்கிர்றியா? என்னால ஒத்தையா முடியலடா."

"வர்றேங்க்கா" என்றான். அவ்வளவுதான்.

அந்த டிரைவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இந்த ஒரு வார்த்தை கேட்பதற்கு எங்கள் இருவருக்கும் அப்படி என்ன வெட்கம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் யோசித்துக்கொண்டிருப்பேன்.