பின்னால் காலி வண்டி வருகிறது

என் அத்தைக்கு இரண்டு கால்களும் நடக்க உதவாது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் செய்த வேலை அது. அப்பாவுக்கு ஒரே தங்கை. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அப்பா, ஒரு சக்கர நாற்காலியை மடக்கிக் கொண்டுவந்தார். கடல் தாண்டி விமானத்தில் வந்த அந்த நாற்காலிக்கு, சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசிக்குப் போகும் மினி பஸ்ஸில்தான் இடம் கிடைக்கவில்லை.

அன்று அத்தைக்குத் தென்காசியில் டைப்ரைட்டிங் பரீட்சை. பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். போன தடவை பஸ் ஏற முடியாமலே பரீட்சை போயிருந்தது. அதனால் இந்த முறை எட்டு மணிக்கெல்லாம் நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். நாற்காலி தள்ள நான் போயிருந்தேன். எனக்குப் பத்து வயது.

முதல் பஸ் எங்களைத் தாண்டி நூறடி தள்ளிப்போய் நின்றது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிச் சேர்வதற்குள், மற்றவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடியே, "பின்னால காலி வண்டி வருது, அதுல வாங்க" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். பின்னால் தூசிதான் வந்தது.

மணி ஒன்பது. அத்தை சக்கரங்களைத் தானே உருட்டி நடுரோட்டுக்குப் போய், பிரேக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அடுத்த பஸ் அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

கண்டக்டர் இறங்கி வந்தார். "என்னக்கா, பஸ் மறியலா பண்ணுதிய?"

"மறிக்கல தம்பி. ஸ்டாப்புல நின்னா ஒங்க கண்ணுக்குத் தெரியல. இங்கன தெரியுதுல்லா?"

உள்ளேயிருந்து ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். "இவளுக்குக் காலையில அப்படி என்ன சோலி, வீட்டுல கெடக்க வேண்டியதுதான?" என்றார் ஒருவர். எங்கள் தெருக்காரர்தான். வெளிநாட்டுக்கு எழுதவேண்டிய விண்ணப்பங்களையெல்லாம் அத்தையிடம் டைப் அடித்து வாங்கிப்போனவர்.

நான் செய்ததையும் சொல்ல வேண்டும். ஏறுகிற கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஏறிவிட்டேன். முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேர் தூக்கிவிட வந்தார்கள். அத்தை வேண்டாம் என்றாள். முதுகைப் படிக்குக் காட்டி, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே ஏறினாள். மூன்று படிகள். நெட்டையான ஆண்பிள்ளையின் காலை அளந்து வைத்த படிகள். பஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. மேலே வந்தபோது அவள் உள்ளங்கைகள் கறுத்துப்போயிருந்தன. அந்தக் கைகளால்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் டைப் அடிக்க வேண்டும்.

கண்டக்டர் நாற்காலியை மடக்கி உள்ளே தள்ளினார். "கூட வந்த ஆளு யாரு? இப்படியா தனியா விடுவாவ?"

அத்தையின் பார்வை என் ஜன்னல்வரை வந்து திரும்பியது. "யாரும் வரல. நான் மட்டுந்தான்" என்றாள்.

அத்தை பாஸ் செய்தாள். தென்காசியில் வேலையும் கிடைத்தது. தினமும் நடுரோட்டில் நாற்காலியைப் போட்டு பஸ்ஸை மறித்துத்தான் வேலைக்குப் போக முடிந்தது. ஆறு மாதத்தில் அலுத்துப்போய், தென்காசியிலேயே அறை பார்த்துத் தங்கிவிட்டாள். வேலைதான் அவளை ஊரைவிட்டுக் கூட்டிப்போனது என்று இன்றும் வீட்டில் சொல்கிறார்கள். வேலை அல்ல, மூன்று படிகள். அந்தத் தடத்தில் இன்றைக்கும் அதே உயரம்தான்.

அன்று தென்காசியில் இறங்கியதும், பரீட்சை வாசல்வரை நாற்காலியை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் அத்தை எதையும் கேட்கவில்லை. கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "வெயில்ல நிக்காத, அந்த மரத்துக்கிட்ட இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பஸ்ஸில் நான் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்கவே இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் வெளியே வரும்வரை, அந்த நிழலில் ஒற்றைக் காலில் தாவித் தாவிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.