மூத்தவளுக்கு வார்னிஷ்

கடைசிச் சட்டையை மடித்து அடுக்கிவிட்டு, இஸ்திரிப் பெட்டியில் மிச்சமிருக்கும் சூட்டோடு தன் பேஸ் கிட்டாரின் தோள்வாரையும் ஒரு தேய்ப்புத் தேய்க்கிறார் கட்டெறும்பு அக்கா. அதைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் கடையை விட்டு இறங்குவார். வாரின் உட்பக்கம் சொரசொரப்பான துணி வைத்துத் தைத்திருக்கிறார். அவர் வாசிக்கிற வகைக் கிட்டாருக்கு உடம்பு லேசு. வழுக்குகிற வாராக இருந்தால் தலைப்பக்கம் கவிழ்ந்து தரையைப் பார்க்கும்.

"சில மனுசங்க மாதிரிதான். உள்ள காலி, தலைக்கு மட்டும் கனம்" என்பார். யாரைச் சொல்கிறார் என்று எங்கள் இசைக்குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

பகலில் துணி தேய்ப்பது தொழில்; வாரக் கடைசியில் எங்களோடு பேஸ். நான் டிரம்ஸ். கம்பியில் அவருடைய கட்டைவிரலும் டிரம் மிதியில் என் வலது காலும் ஒன்றாக விழுந்தால்தான் பாடுகிறவர்களுக்குக் காலூன்ற இடம் கிடைக்கும். ஆள் சிறிசு, கடி பெரிசு. பெயர் அப்படி வந்ததுதான்.

அவரிடம் இரண்டு கிட்டார்கள். இரண்டும் வயலின் போல இடுப்பு ஒடுங்கியவை, குட்டைக் கழுத்து, உள்ளே கூடு. பழுப்பு நிறத்தவள் மூத்தவள், கறுப்பு நிறத்தவள் இளையவள். இருவருக்கும் கம்பிக்கு அடியில், இஸ்திரி மேசையிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று செருகியிருக்கும். கம்பியை மீட்டினால் சத்தம் நீளாமல் 'தும்' என்று உட்காரும். கம்பியை மட்டும் மாற்றவே மாட்டார். "புதுக் கம்பி கத்தும். பழசுதான் பேசும்" என்பார். ஒருமுறை யாரோ ஒரு மாப்பிள்ளைத் தோழன் மேடையோரம் வந்து, "வயலின் சரி, வில்லு எங்கக்கா?" என்று இளித்தான். "இப்பதான் அம்பு விட எடுத்துட்டுப் போனாங்க. கொஞ்சம் திரும்பி நில்லு" என்றார்.

லேசான கிட்டார் அவருக்கு ஆசை மட்டுமல்ல. வருடக்கணக்காகத் துணி மூட்டை சுமந்து இடது தோள் தேய்ந்துபோயிருக்கிறது. அந்தத் தோளில் கனமாக எதையும் மாட்டினால் கை தூக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை போனால் கடையும் போகும், மேடையும் போகும்.

இது குழுத் தலைவருக்கும் தெரியும். தலைவர் கட்டெறும்பு அக்காவின் அக்கா புருஷன்; அவருக்கு அத்தான். கீபோர்டு வாசிக்கிறவர், அதைத் தூக்க மட்டும் இரண்டு ஆள் வைத்துக்கொள்கிறவர். "பாட்டு யாரு கேக்குறா? பார்வைக்கு எடுப்பா இருக்கணும்" என்பது அவர் வேதம். அக்காவின் கிட்டார்களை அவர் 'பொம்மை' என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பொம்மை நின்றுவிட்டால் அவர் கீபோர்டு அந்தரத்தில் தொங்கும்.

மழையில் அக்காவின் அறைக்கூரை ஒழுகியபோது மூத்தவளைத் தலைவர் வீட்டில் பத்திரமாக வைக்கக் கொடுத்தார். திரும்பக் கேட்டபோது, "கழுத்து வளைஞ்சிருக்கும்மா, ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றார் அத்தான். ஒவ்வொரு முறை கேட்டபோதும் அதே பதில். இதற்கிடையில் ஒரு பெரிய விருந்து மண்டபத்தில் ஞாயிறுதோறும் வாசிக்க எங்களுக்கு வாய்ப்பு வந்தது. எப்படி வந்தது என்று அத்தான் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு, இளையவளை வேனில் ஏற்றவே விடவில்லை. நீளமான, தடித்த புதுக் கிட்டார் ஒன்றை நீட்டினார். "உனக்காகவே வாங்கினது. இன்னைக்கு ஒரு நாள், உங்க அக்கா முகத்துக்காக." அக்கா மாட்டிக்கொண்டார். கழுத்துக் கோடியிலிருக்கும் முதல் ஃப்ரெட்டுக்கு எட்டுவதற்கே அவர் கை முழுவதும் நீள வேண்டியிருந்தது. ஒலி சரிபார்க்கும்போதே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மண்டபத்தில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். மேடை விளக்குகளைப் போட்டார்கள். பின்சுவரில், பிளாஸ்டிக் பூவளையத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவே, கழுத்தில் கட்டுக்கம்பி சுற்றிய மூத்தவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது போல, மைத்துனியின் கிட்டாரைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கியிருக்கிறார் மனிதர். எனக்குக் கையிலிருந்த குச்சியை அவர் மேல் வீசலாம் போலிருந்தது.

அக்கா சுவருக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து பார்த்தார். எம்பி விரலால் ஒரு கம்பியைத் தொட்டார்.

"கம்பியோட சேத்து வார்னிஷ் அடிச்சிருக்காங்க." "அத்தான், கம்பியோட சேத்து!"

"பளபளன்னு இருக்கட்டுமேன்னுதான். சும்மா மூலையில கெடந்ததுதானே? இப்ப எவ்வளவு அழகா இருக்கு பாரு."

"நான் சாகாமலே என் போட்டோவுக்கு மாலை போட்டுட்டீங்க."

"ஆளுங்க பாக்குறாங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல குடுத்து வச்சதாலதான் இங்க தொங்குது."

தடித்த கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தார். ஸ்பீக்கர் பெட்டியை இழுத்துச் சுவரோரம் போட்டு ஏறினார். பெட்டி ஆடியது, நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். மண்டபக்காரர், "அது எங்க அலங்காரம்மா!" என்று ஓடி வந்தார். "அலங்காரம் வேணும்னா கண்ணாடி மாட்டிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்த்தார். இறங்கி, கைப்பையிலிருந்து தன் வாரை எடுத்து மூத்தவளுக்கு மாட்டினார். ஸ்பாஞ்சு அதே இடத்தில் இருந்தது, வார்னிஷில் ஊறி, கல்லாய் இறுகி. ஒரு கணம் அதைத் தடவியவர் கண் கலங்கியது. உடனே கோபம் வந்து அதைத் துடைத்துவிட்டது.

தரையில் கிடந்த தடித்த கிட்டாரைத் தூக்கினார். கீபோர்டின் பின்னால் இரண்டு கையும் கட்டையில் வைத்தபடி நின்ற அத்தானின் கழுத்து வழியே அதை மாட்டி, வாரை அவருடைய இடது தோளில் சரியாக உட்காரவைத்து, இறுக்கினார். அத்தனை பேர் பார்க்க அவரால் கழற்றவும் முடியவில்லை. தோள் ஒரு பக்கமாக இறங்கியது.

அக்கா மூத்தவளின் தடித்த கம்பியிலிருந்து கட்டைவிரல் நகத்தால் வார்னிஷைச் சுரண்டி ஊதிவிட்டு, டிரம்ஸுக்குத் திரும்பியிருந்த என்னைப் பார்த்து, ஆரம்பி என்பதுபோல் தாடையை ஒருமுறை அசைத்தார்.