தீப்பெட்டிப் பையோடு வெம்பக்கோட்டைக்கு

எம்.ஏ. வரலாற்றில் என் ஆய்வுத் தலைப்பு தீப்பெட்டி லேபிள்கள். முந்நூறுக்கு மேல் என் வலைப்பூவில் ஏற்றியிருக்கிறேன், நீங்களே பார்த்திருப்பீர்கள். நெறியாளர் மட்டும் அசரவில்லை. திங்கட்கிழமைக்குள் நேரில் பார்த்த ஒன்றோடு வா, இல்லாவிட்டால் கண்மாய்ப் பாசனத்தை எடுத்துக்கொள் என்றுவிட்டார். கண்மாயா, நானா? 2007 ஜூலை, வெள்ளி இரவே சென்னையில் பஸ் ஏறினேன்.

விருதுநகரிலிருந்து சிவகாசி ஒரு மணி நேரத்துக்குள். அங்கிருந்து வெம்பக்கோட்டை பஸ்ஸில் அரை மணி. தீப்பெட்டி ஆலை எதுவும் அமையாததால், இணைய நண்பர் ஒருவர் அங்கே பட்டாசு கம்பெனிக்குள் போக அனுமதி வாங்கியிருந்தார். லேபிளைக் காட்டிப் பேசலாம் என்று பை நிறையத் தீப்பெட்டி கொண்டுபோயிருந்தேன். குச்சிகளோடு!

வாட்ச்மேன் அண்ணாச்சி பையைத் திறந்தார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தீப்பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பட்டாசு கம்பெனிக்கு வார. ஒன்னைய எவன்லே படிக்க வைக்கிறது?"

பையை வெளியே வைத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். இனி வெறுங்கையோடு வந்தாலும் நம்பமாட்டாராம்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது அதே கம்பெனியில் வேலை முடிந்து முத்துலட்சுமி என்ற அக்கா வந்தார். எதற்கு இம்புட்டுப் பெட்டி என்று கேட்டார். சேவல் லேபிளைக் காட்டியதும் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுச் சுவரெல்லாம் இந்தச் சேவல்தான். வந்து பாருங்க தம்பி."

வீடு சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில். அவர் கணவருக்கு அச்சகத்தில் வேலை. கழித்துப்போட்ட தாள்கள் வீட்டுக்கு வந்துவிடும். சுவர், டிரங்குப் பெட்டி, மகளின் நோட்டு அட்டை, எல்லாம் சேவல். அச்சில் சிவப்பு நகர்ந்துபோய் ஒவ்வொன்றின் கொண்டையும் தலைக்குப் பக்கத்தில் மிதக்கிறது. என் முந்நூறில் இப்படி ஒன்றுகூட இல்லை.

"நல்லதெல்லாம் லோடுல போயிரும். கோணச் சேவலுதான் எங்களுக்கு," என்றார் அக்கா. "ஏன், இதுக்கென்ன கொறச்சல்?"

இத்தனை நாளும் கடைக்குப் போன லேபிளை மட்டும் சேர்த்துவிட்டு, அச்சடித்த ஊரின் வீடுகளை விட்டுவிட்டேன். தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து நெறியாளரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். எத்தனை வீடு பார்த்தாய் என்றார். ஒன்று.

"ஒரு வீட்டுக்கு எம்.ஏ. தர முடியாது. இருபது பாத்துட்டு வா. திங்கக்கிழமை வரவேண்டாம்."

கண்மாய் பற்றிப் பேச்சே இல்லை, கவனித்தீர்களா?

திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, சிவகாசி பிரவுசிங் சென்டரில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் வருவதாக இருந்தால் தீபாவளி சீசனில் வராதீர்கள், யாருக்கும் பேச நேரமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை வீடுகளுக்குப் போங்கள். குச்சிகளை உங்கள் ஊரிலேயே கொட்டிவிடுங்கள். நாளை ஞாயிறு, எனக்கு இன்னும் பத்தொன்பது வீடு பாக்கி.