சீலக்கா வீட்டு வாடகைக்காரர்

எங்கள் ஏற்றுமதிக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் சீலக்கா. கன்டெய்னர் கதவைச் சாத்தி, இரும்பு சீல் மாட்டி, அதன் எண்ணைத் தாளில் எழுதுவது அவள் வேலை. முதலாளியே வந்து நின்றாலும் எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பாள். எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயமும் உண்டு.

இந்த வருஷம் எங்கள் நாடும் அண்டை நாடுகள் நான்கும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. ஒரு நாட்டுச் சுங்க இலாகா நம்புகிற கம்பெனியை மற்ற நான்கும் நம்பும். அதன் சரக்கை எந்த எல்லையிலும் பிரிக்க மாட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம்புவதற்கு முன்னால் எங்களைத் தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டார்கள். சீல் மாட்டுகிறவர் வீட்டில் சுங்க வழக்கில் தண்டனை பெற்ற உறவினர் இருந்தால், அவருக்கு அந்த வேலை கிடையாது.

சீலக்காவின் தம்பி லாரி ஓட்டியவன். யாரோ ஏற்றிவிட்ட கடத்தல் சிகரெட் பெட்டிகளுக்காகப் பதினாலு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். அக்கா வீட்டில்தான் இருக்கிறான்; அவளை விட்டால் அவனுக்கு நாதியில்லை. அவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை. ஆபீஸில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். படிவத்தில் 'தனியாக வசிக்கிறேன்' என்று எழுதித் தந்தாள். நானும் வாயைத் திறக்காமல் வாங்கி அடுக்கினேன்.

வீடு தேடி வருவார்கள் என்று யார் கண்டது? சுங்க அதிகாரியும் கம்பெனி ஆளும் சேர்ந்தே போக வேண்டுமாம். கம்பெனி ஆள் என்று என் தலையில் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். கதவைத் திறந்தது தம்பி.

"நீங்க யாருங்க?" என்றார் அதிகாரி.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"பின் ரூம்ல வாடகைக்கு இருக்கேன் சார். மேடம் உள்ள இருக்காங்க, கூப்பிடறேன்."

அந்த 'மேடம்' எனக்கே சுருக்கென்றது. சீலக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாடகைக்காரர் எப்படிம்மா? தொந்தரவு எதுவும் உண்டா?"

"இல்ல சார். இருக்கிறதே தெரியாது."

தம்பி உள்ளே வருவதா வெளியே நிற்பதா என்று தெரியாமல் தடுமாறினான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான். அதிகாரிக்குப் பரம திருப்தி. வாடகைக்கு இருப்பவர்களைத் துருவச் சொல்லி அவர் படிவத்தில் இல்லை.

"நீங்களும் நாங்களும் இப்படி ஒத்துழைச்சாத்தான் சார் எல்லாருக்கும் நல்லது," என்று என் தோளைத் தட்டினார். "வாடகை ஒப்பந்தம் ஒரு காப்பி மட்டும் நாளைக்கு அனுப்பிடுங்க."

மறுநாள் ஆபீஸுக்கு வந்ததும் சீலக்கா ஒப்பந்தத்தை அடிக்க உட்கார்ந்தாள். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை.

"அவன் என்னக்கா சொன்னான்?" என்றேன்.

"நேத்து மத்தியானம் வந்தான். நேரா பின் ரூமுக்குப் போய்ப் படுத்துக்கிட்டான். சாப்பாட்டைக் கதவுகிட்ட வெச்சேன்."

அழுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, எனக்கும் ஒன்றுமே தோன்றவில்லை. மரத்துப்போயிருந்தது.

சாட்சிக் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினாள். வாசித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றேன்.

"அக்கா, ரெண்டு பேருக்கும் அப்பா பேரு ஒண்ணா இருக்கே."

தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் தம்பியின் வரிக்குப் போய், அப்பாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"தம்பி, உங்க அப்பா பேரு என்ன?"

சொன்னேன்.