பிக்கப்பின் பின்பெட்டியில் நாற்பது நிமிடம்

என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் மாதம், ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டில் சொட்டிய குழாய், ஆடிய மின்விசிறி எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிட்டார். இரண்டாவது மாதம் கைபேசியில் பயணக் காணொளிகள் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது மாதம் திட்டம் தயாராகிவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றை வாங்கி, தாய்லாந்து வழியாக லாவோஸ், அங்கிருந்து வியட்நாம். இரண்டரை மாதம். படுக்கை வண்டிக்குள்ளேயே.

“ரெண்டு பேரும்தான்” என்றார்.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அதற்கும் அவர் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். முன்கூட்டியே ஓய்வு பெறுவதற்கான விண்ணப்பத்தை அச்செடுத்து, நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார். நான் அதை வாங்கி அடுக்களை இழுப்பறையில் வைத்தேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. போடுகிறேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவருடைய தங்கைக்குச் சொன்னார், என் தம்பிக்குச் சொன்னார், கீழே காய்கறிக் கடைக்காரரிடமும் சொன்னார். அதன் பிறகு நான் வாயைத் திறந்தால் பத்துப் பேரிடம் விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். வண்டிக்குள் விரிக்கப்போகும் மெத்தைக்கு உறைகூடத் தைத்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ஞாயிறு தவறாமல் எங்கள் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி அக்கரைக்கு வண்டி பார்க்கப் போனோம். அவர் தேடும் விதம் எனக்கு மனப்பாடம். முதலில் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்ப்பார். பெல்ட்டின் அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. மீட்டர் குறைந்த ஓட்டத்தைக் காட்டும்போது பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். பிறகு கைவிளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துச் சட்டத்தில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குறை கண்டுபிடித்து அவர் எழுந்து வரும்போது எனக்குள் ஒரு நிம்மதி.

திட்டம் போட்ட எட்டாவது மாதம் ஜுருவில் பழைய வண்டிக் கடை ஒன்றில் பார்த்த பிக்கப்பில் குறை எதுவும் கிடைக்கவில்லை. டீசல் வண்டி, ஒரே உரிமையாளர், பின்பெட்டியை மூடிய ஃபைபர் கூடு, கறுப்புக் கண்ணாடி. கடையை நடத்தியவர் எங்களைவிடக் கொஞ்சம் இளைய தமிழ்ப் பெண்மணி. காதில் ஒரு கைபேசி, கையில் ஒரு கைபேசி.

“அண்ணே, இந்தக் காடிய தோட்ட மானேஜர் வெச்சிருந்தாரு. ரொம்ப ஜாகா பண்ணி, பத்திரமா ஓட்டுனது லா. நீங்க நல்லா பாருங்க, நான் சர்வீஸ் புக் எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போனார்.

“வா, படுத்துப் பாப்போம்” என்றார் என் கணவர். “ரெண்டு பேருக்கு எடம் பத்துமான்னு தெரியணும்ல?”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கைப்பை முன் சீட்டில் கிடந்தது. அவருடைய கைபேசியும் அங்கேதான். இருவரும் தகரத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். அவருடைய தலை இடித்தாலும் கால் நீட்ட முடிந்தது. அவர் பின்கதவை உள்ளிருந்தே தூக்கிச் சாத்தினார். பிறகு, “கொசு வருதான்னு பாக்கணும்” என்று சொல்லி மேலே தூக்கியிருந்த கண்ணாடியையும் கீழே இழுத்தார். டக் என்று பூட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திறக்கப் பார்த்தார். கைப்பிடியைத் தேடி விளிம்பெல்லாம் தடவினார். உள்ளே கைப்பிடியே இல்லை.

“இரு, இரு. ஒண்ணுமில்ல” என்றார். அவர் அப்படி இரண்டு தடவை சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணாடியைத் தட்டினோம். பக்கத்தில் யாரோ வண்டிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. மேலே கொட்டகை நிழல் இருந்தும் உள்ளே அனல் ஏறியது. ரப்பர் வாசனையும் பழைய உர வாசனையும். எழுந்து உட்கார்ந்தால் தலை இடித்தது. அவருடைய தோள் என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

“பயப்படாத மா. சந்துல காத்து வரும். இப்ப வந்துரும் அந்தப் பொண்ணு.”

“இதுலதான் ரெண்டரை மாசமா?” என்றேன்.

“அப்ப மெத்தை இருக்கும்ல.”

அந்தப் பதிலைக் கேட்டதும் என்னால் முடியவில்லை.

“நான் வரலைங்க.”

“எங்க வரல?”

“எங்கயும் வரல. லாவோஸுக்கு வரல. எனக்கு வேல பிடிச்சிருக்கு. அந்த ஃபார்ம்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

கறுப்புக் கண்ணாடி வழியாக யாருடைய கால்களோ தூரத்தில் கடந்து போயின. தட்டவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

“எட்டு மாசமா சொல்லாம இப்ப சொல்ற?”

“நீங்க கேக்கவே இல்ல.”

“நீ மெத்தைக்கு உறை தெச்சியே!”

அழுதேன். புடவைத் தலைப்பால் துடைக்கக் கையைத் தூக்கினால் அவர் முகத்தில் இடித்தது. அவர் பக்கவாட்டில் ஒட்டிப் படுத்து எனக்கு இடம் கொடுத்தார். அந்த நாற்பது நிமிடத்தில் அவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு மலாய்க் குடும்பம் அந்த வண்டியைப் பார்க்க வந்தது. ஓர் அம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார். நான் கையை ஆட்டினேன். “அடா ஓராங் டாலாம்!” உள்ளே ஆள் இருக்கிறது என்று அவர் போட்ட கூச்சலில் கடைக்காரப் பெண்மணி ஓடிவந்து திறந்தார்.

“ஐயோ அக்கா! போன்ல மாட்டிக்கிட்டேன், சோரி சோரி!”

வியர்வையில் நனைந்து, முடி கலைந்து, வெறுங்காலோடு நான் இறங்கினேன். அந்தக் குடும்பம் மொத்தமும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் கணவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி இது: “இந்தப் பூட்ட உள்ளேருந்து தொறக்குற மாதிரி மாத்த முடியுமா?”

“பொலே லா அண்ணே, மாத்திரலாம், சின்ன வேல!”

நான் சொன்னதையெல்லாம் அவர் பூட்டில் இருக்கும் பிரச்சினையாக எடுத்துக்கொண்டாரா? உள்ளே இருந்தபோதுகூட எனக்கு அப்படி மூச்சு முட்டவில்லை.

பாலத்தில் நெரிசல். வண்டிகள் நகராமல் நின்றன. “நீ பயத்துல சொன்ன, எனக்குத் தெரியும்” என்றார்.

“பயத்துல சொல்லல. பயத்துலதான் இத்தன நாளு சொல்லாம இருந்தேன்.”

அதன் பிறகு ஏழெட்டு நாள் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை வந்தது, அவர் வண்டி பார்க்கக் கிளம்பவில்லை. சரியாக இருந்த மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “வீட்ல உக்கார முடியல மா. இந்த நாலு செவுத்துக்குள்ள எனக்கு என்னமோ ஆகுது.” எட்டு மாதமாக அவர் வரைபடத்தையும் சாலையையும் டயரையும் பற்றித்தான் பேசியிருந்தார். இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

“நீங்க போங்க” என்றேன். “வேற யாரோடயாச்சும் போங்க.”

இரண்டு மாதம் கழித்து புக்கிட் மெர்தாஜாமில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஐந்து கதவு வைத்த பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றை வாங்கினார். தொழிற்சாலை நண்பர் ஒருவரோடு லாவோஸ்வரை போய் முப்பத்தொரு நாளில் திரும்பினார். மெலிந்து, கறுத்து, உற்சாகமாக வந்தார். “புருஷன தனியா அனுப்பிட்டு எப்படித்தான் இருந்தீங்களோ” என்று அவருடைய தங்கை தொலைபேசியில் கேட்டாள். இருந்தேன் என்றேன். உண்மையில் மூன்றாவது வாரம் வீடு கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

போன வருடக் கடைசியில் ஆறு நாள் விடுப்பு எடுத்து நானும் அவரோடு போனேன். இரவில் விடுதி அறை என்பது என் நிபந்தனை. தாய்லாந்துக்குள் நுழைந்து மூன்று மணி நேரம் ஒரே நேர்ச்சாலை. அவர் பாட்டுப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக ஓட்டினார். இடது சீட்டில் எனக்கு மெல்ல நெஞ்சு அடைத்தது. பெல்ட், கண்ணாடி, அவருடைய பேச்சு. அந்த மூச்சுமுட்டல் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

“நிறுத்துங்க.”

“இங்க ஒண்ணுமே இல்லியே?”

“பரவால்ல, நிறுத்துங்க.”

நிறுத்தினார். இறங்கி ரப்பர் மரங்களுக்கு ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவசரம் ஒன்றும் இல்லாதவர் மாதிரி இருந்தார். நான் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன்.