பாணர் போட்டியில் என் பக்கம் நின்ற ஒருவர்

போன மாசி மாதம் ஒரு சனி, ஞாயிறு கந்தர்வக்கோட்டைப் பக்கம் போய்விட்டு வந்தேன். இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பஸ் வழி தேடி வருகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சேலத்திலிருந்து திருச்சி போய், அங்கிருந்து புதுக்கோட்டைக்கு மாறினேன். வெள்ளி இரவு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கினேன். காலையில் தஞ்சாவூர் பஸ் ஏறினால் முப்பது கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தது.

ஏன் போனேன் என்பதைச் சொல்வதுதான் கொஞ்சம் சங்கடம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். மருத்துவக் காப்பீட்டு ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. சில நாட்களில் நான் வாயைத் திறந்து பேசுவது பால்காரரிடம் மட்டும்தான். பல வருடங்களாக அகவற்பாவில் எதையாவது எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன், படிக்கத்தான் ஆள் இல்லை. அப்படி இருக்கும்போது ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டது. சோழர் காலத்து ஆட்களாக இரண்டு நாள் வாழ்ந்து பார்க்கும் கூடல், அதில் பாணர் போட்டி. சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும், அரசன் முன்னால் நின்று பாட வேண்டும். யோசிக்காமல் பணம் கட்டிவிட்டேன். சாப்பாடு, கூடாரம் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய்.

கந்தர்வக்கோட்டையிலிருந்து அந்த முந்திரித் தோப்பு ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது. ஓட்டியவர் என் தோளில் தொங்கிய தோல் பையையும், கையில் இருந்த சின்ன யாழையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சூட்டிங்கா சார்?"

"இல்லங்க, பாட்டுப் போட்டி."

"டிவியில வருமா?"

"வராதுங்க."

"கூட யாரும் வரலையா?"

அதற்கும் இல்லை என்றேன்.  தார் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. முந்திரி பூத்திருந்தது. அந்த மணம் தோப்புக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது.

கூடலின் விதிகள் கண்டிப்பானவை. தைத்த துணி கூடாது, பிளாஸ்டிக் கூடாது, செல்போன் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. அதெல்லாம் சோழர் காலத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவை. மிளகும் புளியும் கொள்ளும்தான். (முந்திரி மரமும் அப்படி வந்ததுதான் என்று ஒருவர் சொல்ல, நடத்துகிறவர்கள் மரங்களை மட்டும் மன்னித்துவிட்டதாக அறிவித்தார்கள்.) மூக்குக் கண்ணாடிக்கும் மன்னிப்பு உண்டு. நானும் அதில் பிழைத்தேன்.

மரவாள் சண்டை, சிலம்பம், பனை ஓலையில் எழுதுவது என்று முதல் நாள் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் எல்லாம் குடும்பமாகவோ கூட்டாளிகளோடோ வந்திருந்தார்கள். மதியம் பந்தியில் உட்கார்ந்தேன். "சார், இந்த எலைக்கு ஆள் வருது" என்றார் ஒருவர். எழுந்து தள்ளி உட்கார்ந்தேன். அங்கும் ஒரு அம்மாள் அதையே சொன்னார். கடைசியில் வரிசையின் ஓரத்தில், அடுப்புப் புகை வருகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யார் மேலும் கோபம் இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே ஆள் வந்தது.

பாணர் போட்டி ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. அரசராக உட்கார்ந்தவர் தஞ்சாவூரில் பல் மருத்துவர். மரக்கிரீடம் அவருக்குக் கொஞ்சம் பெரிது. அவர் விதியைச் சொன்னார். இரண்டு இரண்டு பேராகப் பாட வேண்டும். இருவரும் பாடி முடித்ததும், கேட்டவர்கள் எழுந்து தங்களுக்குப் பிடித்த பாணருக்குப் பின்னால் போய் நிற்பார்கள். யார் பின்னால் கூட்டம் அதிகமோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார்.

சீட்டில் எனக்கு எதிராக வந்தது வாசுகி. பொன்னமராவதியில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். வேன் பிடித்து அக்கா குடும்பம், கொழுந்தனார் குடும்பம் என்று இருபது பேருக்கு மேல் கூட்டி வந்திருந்தார். அவருடைய கணவர் சேகர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர், அடர்த்தியான மீசை. பாட்டு தொடங்கும் முன்பே அவர் விசில் அடித்துவிட்டார்.

வாசுகிதான் முதலில் பாடினார். அரசன் பரிசாக யானை கொடுத்துவிடுகிறான். அதை வாங்கிக்கொண்டு வந்த பாணன் பெண்டாட்டி, ஒற்றை அறை வீட்டில் இதை எங்கே கட்டுவேன், எதைப் போடுவேன், நீயே திரும்ப எடுத்துக்கொண்டு இரண்டு மரக்கால் நெல் கொடு என்று அரசனோடு பேரம் பேசுகிறாள். தோப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பாட்டு.

அடுத்து நான். என் பாட்டில் ஒரு பாணன் வெகுதூரம் நடந்து ஒரு வள்ளலின் வீட்டுக்கு வருகிறான். பாடப் பாட என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சேலத்து வீட்டில் இந்த வரிகளை முணுமுணுத்திருக்கிறேனே தவிர உரக்கச் சொன்னதில்லை. கடைசி வரிகள் இவை:

கதவு திறந்தே கிடந்தது, உள்ளே
விளக்கும் இல்லை, விளிப்பவர் இல்லை.
முற்றம் நின்று முழுதும் பாடினேன்.
நாயொன்று வந்து படுத்துக் கேட்டது.
பாடி முடித்தேன். பரிசில் எவர்தர?
நாயும் எழுந்து தன்வழிப் போனது.

கைதட்டல் மரியாதைக்கு வந்து நின்றுவிட்டது. "இப்ப எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார் அரசர். எழுந்தார்கள். வாசுகியின் ஆட்கள் அவர் பின்னால் போனார்கள். மற்றவர்களும் சிரித்த முகத்தோடு அந்தப் பக்கமே போனார்கள். யாராவது ஒருவர் வழி தவறியாவது வருவார் என்று பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் காற்றும் முந்திரிச் சருகும்தான். யாழைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அரசரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாசுகி தன் இடத்தை விட்டு நடந்து வந்து, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் போய் நின்றார்.

"ஏய், அங்கிட்டு எங்க போறே? இங்கிட்டு வா!" என்று சேகர் கத்தினார்.

"பாட்டு நல்லாருந்துச்சுங்க. அதான்."

அரசர் கிரீடத்தைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "பாடுன நீங்களே எதிராளி பக்கம் நின்னா நான் எப்படிங்க எண்ணுறது?"

"பாடறப்ப பாடினேன். இப்பக் கேட்டவதானே? கேட்டவ எங்க நிக்கணுமோ அங்கதான் நிக்கிறேன். எண்ணிக்கங்க."

எண்ணினார்கள். அவர் பக்கம் ஐம்பதுக்கு மேல், என் பக்கம் ஒன்று. நான் தோற்றேன். நன்றி சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். யாழைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். அவரும் தலையசைத்துவிட்டு அடுத்த சுற்றுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார்.

கடைசிச் சுற்றில் நான் வாசுகிக்குப் பின்னால் நின்றேன். சேகர் பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்றார். "சார், சத்தமாத் தட்டுங்க சார், பத்தாது" என்றார். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். ஆனாலும் ஜெகதாப்பட்டினத்திலிருந்து வந்த ஒருவர் ஜெயித்தார். துபாயிலிருந்து திரும்பியவராம். கடலைப் பற்றி அவர் பாடியதைக் கேட்ட பிறகு முன் சுற்றில் எங்கள் பக்கம் நின்றவர்களிலேயே பாதிப் பேர் அவர் பின்னால் போய்விட்டார்கள்.

ஐந்தரைக்கு எல்லாரும் உடை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வேனில் ஏறும்போது வாசுகி கேட்டார், "சார், புதுக்கோட்டை வழியாத்தான் போறோம். வாரீங்களா?"

"இல்லங்க, ஆட்டோ சொல்லியிருக்கேன்" என்றேன்.

சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. யாராவது கூப்பிட்டால் என் வாய் முதலில் மறுத்துவிடும். வேன் புழுதி கிளப்பிப் போனதும் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. பையை மாட்டிக்கொண்டு செம்மண் பாதையில் நடந்தேன். தோப்புக்குள் மயில் அகவியது. இரண்டு நாளில் நான் பேசியதை எல்லாம் கூட்டினால் ஒரு பக்கம் வருமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

தார் ரோடு சேரும் இடத்தில் வேன் நின்றிருந்தது. வாசுகி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஆட்டோ எங்க சார்?"

"வரும்..."

"வராது சார். எதுக்க ஒரு வண்டியும் வரல, நாங்களும் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கிறோம். ஏறுங்க."

சேகர் பக்கத்து சீட்டில் இருந்த மரவாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தூக்குவாளி கை மாறி வந்தது, அதில் மிளகாய் போட்ட சுண்டல். இரண்டு நாள் மிளகுக்குப் பிறகு அதன் காரத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரத்தால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கந்தர்வக்கோட்டை தாண்டியதும் ஒவ்வொருவராகத் தூங்கினார்கள். சேகரும் தூங்கினார். ஒரு வளைவில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. கனமான தலை. மீசை சட்டையில் குத்தியது. ஒரு மனிதனின் பாரம் என் மேல் இருந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் தோன்றியது. கை மரத்துப்போனது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் வரும்வரை நான் அசையவில்லை. விழித்ததும் அவர், "ஐயோ சாரி சார், எழுப்பி விட்டிருக்கலாம்ல" என்றார். பரவாயில்லைங்க என்றேன். வேன் பொன்னமராவதி ரோட்டில் திரும்பும்வரை அங்கேயே நின்றுவிட்டுத் திருச்சி பஸ்ஸுக்குப் போனேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி நல்ல மாதம், பகல் வெயிலைத் தாங்கலாம். பருத்தி வேட்டி இரண்டு, தோல் செருப்பு, போர்வை போதும். தோப்பில் சிக்னல் இல்லை, திரும்பும் ஆட்டோவை இறங்கும்போதே பேசிவிடுங்கள். பாடுவதாக இருந்தால் வீட்டில் ஒருமுறையாவது உரக்கப் பாடிப் பாருங்கள். தனியாகப் போகலாமா என்று சிலர் கேட்பீர்கள். போகலாம். ஆனால் யாராவது வண்டியில் ஏறச் சொன்னால், ஆட்டோ சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.